கம்ப்யூட்டர்காரர் "வேண்டாம்" என்றால் காது கொடுங்கள்

சிட்டையும் பேரேடும் இருந்த மேசையில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. மொத்தக் கடை, சில்லறைக் கடை என்ற வேற்றுமை இல்லை. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, பாக்கி வைப்பது, ஜி.எஸ்.டி. கணக்குக்கு விவரம் எடுப்பது எல்லாம் அதில்தான். இந்த மென்பொருளை எழுதித் தருகிறவர், பராமரிக்கிறவர் பெரும்பாலும் நம் ஊரிலேயே ஒரு மாடி அறையில் இரண்டு மூன்று பையன்களை வைத்துத் தொழில் செய்கிறவர். கடைக்கு ஏற்றபடி சின்னச் சின்ன மாற்றங்களை நாம் கேட்கிறோம், அவரும் செய்து கொடுக்கிறார். அந்த மாற்றங்களில் சில நமக்கே வினையாக முடியக்கூடியவை. அதை முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டா? சொன்னால் நாம் கேட்கிறோமா? வணிகப் பெருமக்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

பல கடைகளில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"தம்பி, ராத்திரி கடை சாத்தின பிறகு வேண்டாத பில்லை எடுத்துவிடுற மாதிரி ஒரு பட்டன் வச்சுக் கொடு. நம்பரும் வரிசையா வந்துடணும்."

"சரிங்க அண்ணாச்சி, நாளைக்கே வச்சுடலாம்."

இந்த "சரிங்க அண்ணாச்சி" இருக்கிறதே, அதற்குள்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. அண்ணாச்சிக்கு வரிச் சட்டத்தின் நெளிவு சுளிவு தெரியாமல் இருக்கலாம். அந்தப் பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன தடயம் மிஞ்சும் என்பது நிச்சயமாகத் தெரியாது. தெரிந்தவர் தம்பிதான். தெரிந்தவர் வாய் திறக்கவில்லை.

நம் தொழிலிலேயே இதற்கு உவமை உண்டு. மண்டியில் துவரம் பருப்பு வாங்க வருகிற சில்லறைக் கடைக்காரர் விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு லாட்டைக் காட்டி ஐம்பது மூட்டை கேட்கிறார். "இதில் ஈரப்பதம் அதிகம், மழைக்காலம் வருகிறது, பத்து மூட்டைக்கு மேல் வைக்காதீர்கள், வண்டு விழும்" என்று சொல்கிற மொத்த வியாபாரியிடம்தான் வாடிக்கையாளர் தலைமுறை தலைமுறையாக நிற்கிறார். கேட்டாரே என்று ஐம்பதையும் ஏற்றிவிடுகிறவரிடம் அடுத்த மாதம் யாரும் வருவதில்லை. பருப்பில் நாம் எதிர்பார்க்கிற இந்த நேர்மையை மென்பொருளில் எதிர்பார்க்க நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

ஒரு மளிகைக் கடையின் கதை

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரில் ஸ்டூ லியோனார்ட்ஸ் என்று ஒரு கடை. 1969இல் பால் கடையாகத் தொடங்கி, பெரிய மளிகை அங்காடியாக வளர்ந்து, உலகின் மிகப் பெரிய பால் கடை என்று பெயர் வாங்கியது. வாசலில் ஒரு பெரிய பாறை. அதில் இரண்டு விதிகள் செதுக்கியிருக்கும். வாடிக்கையாளர் சொல்வதே சரி என்பது முதல் விதி. அவர் சொல்வது தவறாகத் தோன்றினால் முதல் விதியை மறுபடி படி என்பது இரண்டாவது. வியாபார மேலாண்மை பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கடையை உதாரணமாகக் காட்டிய காலம் அது.

அதே கடையில் 1981 முதல் 1991 வரை பத்து ஆண்டுகள் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. கல்லாவில் விழுந்த ரொக்கத்தில் ஒரு பகுதி தனியே எடுக்கப்பட்டது. எடுத்த தொகைக்கு ஏற்ப விற்பனைக் கணக்கைப் பொருள் வாரியாகக் குறைத்துக் காட்ட ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதப்பட்டது. அதற்கு ஈக்விட்டி என்று பெயர். அது ஓடி முடித்தால் பேரேடும் வங்கியில் கட்டிய பணமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். ஆடிட்டர் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அந்த நிரலை உள்ளே குடைந்த ஒரு பழைய வணிக விவரப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். நம்மூரில் அரிசி மூட்டைக்குள் கறுப்புக் கணக்கு நோட்டை வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், அங்கே புத்தகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

1991 ஆகஸ்டில் வரித் துறையினர் சோதனைக்கு வந்தார்கள். மறைத்த விற்பனை சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். 1993இல் கடை நிறுவனர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 52 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவருடைய மைத்துனர்கள் இருவரும் கடையின் மேலாளர் ஒருவரும் கூடவே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கடை இன்றும் நடக்கிறது, ஆனால் அந்தக் குடும்பம் பட்ட அவமானத்துக்கு எந்த விலையும் ஈடாகாது.

வாடிக்கையாளர் சொல்வதே சரி என்ற விதி பால் பாக்கெட் மாற்றிக் கொடுப்பதற்குப் பொருந்தும். முதலாளி சொன்னதே சரி என்று கம்ப்யூட்டர்காரர் நிரல் எழுதினால் இப்படித்தான் ஆகும். முதல் நாளே ஒருவர் "இது வேண்டாம், ரொக்கத்தை மறைத்தாலும் சரக்குக் கொள்முதல் பேசும், கல்லா நாடா பேசும்" என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்களா என்பது வேறு. சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் நம் பேச்சு.

அதற்குப் பிறகு இத்தகைய நிரலை விற்கிறவர்களையும் சட்டம் விடவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உணவகங்களுக்கு விற்பனையை அழிக்கும் மென்பொருளை விற்ற விற்பனையாளர் ஒருவர் 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார். கேட்டவர் குற்றவாளி, கொடுத்தவர் அப்பாவி என்ற நிலை அங்கே போய்விட்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஜி.எஸ்.டி. விதிகளில் 56ஆவது விதியின் 8ஆம் உட்பிரிவை ஒவ்வொரு வணிகரும் ஒரு முறை ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கில் எழுதியதை அழிக்கவோ, சுரண்டவோ, மேலெழுதவோ கூடாது. எழுத்துப்பிழை தவிர்த்த தவறுகளை அடித்துக் கையொப்பமிட்டு, அதன்பின் சரியானதை எழுத வேண்டும். கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தால், திருத்திய ஒவ்வொரு பதிவுக்கும் நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் தடம் இருக்க வேண்டும். அதாவது பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை எப்படிச் சிவப்பு மையில் அடித்துப் பக்கத்தில் எழுதுவாரோ, அதையே கம்ப்யூட்டரும் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். தடமில்லாமல் பில்லை அழிக்கிற பட்டன் இந்த விதிக்கு நேர் எதிரி.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னும் கடுமை. 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார் என்ற பதிவு தானாகவே விழுகிற, அந்தப் பதிவை நிறுத்தவே முடியாத கணக்கு மென்பொருளைத்தான் அவர்கள் பயன்படுத்த வேண்டும்.

பில் எண்களும் அப்படியே. ஒரு நிதியாண்டுக்குள் தொடர் வரிசையாக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் எந்த எண் முதல் எந்த எண் வரை பில் போட்டீர்கள், அதில் ரத்தானது எத்தனை என்று கேட்கிறார்கள். இரவில் பில்லை எடுத்து எண்களை மறுபடி வரிசைப்படுத்தினால், காலையில் வாங்கிப்போன வாடிக்கையாளர் கையிலுள்ள காகிதத்தில் ஓர் எண், நம் கம்ப்யூட்டரில் அதே எண்ணில் வேறொருவர் பில். போதாததற்கு, இப்போது பாதி வியாபாரம் யு.பி.ஐ. வழியாக வங்கிக்கே போகிறது. பில் அழியலாம், வங்கி வரவு அழியாது. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், அங்கே எழுந்த கொந்தளிப்பும் நமக்கு நினைவிருக்கும்.

கணக்கைப் பொய்யாக்கியதற்கான அபராதம் வணிகருக்கு. அதற்கு உடந்தையாக இருப்பவருக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 122ஆம் பிரிவில் தனியாக 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகவே "வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்வது தம்பிக்கும் தற்காப்புதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது. அழிக்கும் பட்டனுக்காக அட்வான்ஸ் கொடுத்தீர்கள், அவர் செய்து தராமல் போய்விட்டார் என்றால், கோர்ட்டுக்குப் போய் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். செய்து கொடுத்துவிட்டால் அதைவிட மோசம். நம் ரகசியம் முழுவதும் அவர் கையில். பராமரிப்புக் கட்டணத்தை அவர் இரண்டு மடங்காக்கினாலும் வேறு ஆளைப் பார்க்க நமக்குத் தைரியம் வருமா?

பில் தவறாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்கு நேர்வழி இருக்கிறது. காரணம் எழுதி ரத்து செய்யலாம், எண் அப்படியே இருக்கும். சரக்கு திரும்பினால் கிரெடிட் நோட் போடலாம். நல்ல கம்ப்யூட்டர்காரர் அழிக்கும் பட்டனுக்குப் பதிலாக இந்த இரண்டையும் ஒரே விசையில் எளிதாக்கிக் கொடுப்பார். உண்மையில் பல கடைகளில் அழிக்கும் வசதி கேட்பது வரி ஏய்ப்புக்காக அல்ல, கவுண்ட்டர் பையன் தப்பாகத் தட்டியதைத் திருத்தத்தான். அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு மாற்று வழி காட்டுவதும் அவர் கடமையில் சேரும்.

குற்றமல்ல, ஆனால் நஷ்டம்

எல்லா ஆபத்தும் சட்ட ஆபத்து அல்ல. கடையில் அவசரம், அதனால் "எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு போதும்" என்கிறோம். மாலையில் கல்லாவில் ஆயிரம் குறைந்தால் நான்கு பையன்களில் யாரைக் கேட்பது? நேர்மையான மூன்று பேரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். தள்ளுபடி போட்டவர் யார், பில்லை ரத்து செய்தவர் யார் என்று ஒன்றும் தெரியாது.

"கோளாறு வந்தால் நீங்கள் வீட்டிலிருந்தே உள்ளே வந்து சரிசெய்துவிடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம்" என்பது இன்னொன்று. சௌகரியம்தான். ஆனால் நமக்குத் தெரியாமல் நம் கணக்கில் வெளியார் கை வைக்கலாம் என்று நாமே கதவைத் திறந்து வைக்கிறோம். பிரிட்டனில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அங்கே ஊர்ச் சிறு கடைகளிலேயே தபால் கவுண்ட்டர் நடத்துகிற துணை அஞ்சலகக்காரர்கள் ஏராளம். அவர்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கொடுக்கப்பட்டது. அது காட்டிய பொய்யான குறைவுகளுக்காக 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடிக் குற்றவாளிகளாகத் தீர்ப்புப் பெற்றார்கள். மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர்கள் வெளியிலிருந்தே கடைக் கணக்கை மாற்ற முடியும் என்ற உண்மை பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. 2019இல் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2024இல் பாராளுமன்றமே தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது. அதற்குள் சிலர் சிறைக்குப் போய் வந்தார்கள், வீட்டை இழந்தார்கள். வெளியார் உள்ளே வரும்போது கடைக்காரர் அனுமதி கேட்க வேண்டும், வந்து செய்ததற்குத் தடம் இருக்க வேண்டும் என்று தம்பி வற்புறுத்தினால் அது வீண் பிடிவாதம் அல்ல.

"அப்டேட் வந்தால் மெஷின் மந்தமாகிறது, நிறுத்திவிடு" என்ற கோரிக்கையும் அடிக்கடி வருவது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி 300 டாலர் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மாட்டியவர்கள் அதைப் போடாதவர்கள். நம் கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற மெஷின்கள் உண்டு. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில். பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்கிறவர்களிலும் பலர் பென் டிரைவை மெஷினிலேயே சொருகி வைத்திருக்கிறார்கள். வைரஸ் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று யாராவது சொல்லித் தந்தார்களா? ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டறிக்கைக் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், கம்ப்யூட்டர் கணக்குக்குப் பேக்கப் வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

செலவைக் குறைக்கப் போய்ச் செலவு வைக்கும் கோரிக்கை ஒன்றும் உண்டு. வரி விகிதத்தைத் தனிப் பட்டியலாக, தேதியோடு வைக்க இரண்டு நாள் வேலை கூடும் என்பார் தம்பி. "அதெல்லாம் எதற்கு, சரக்குக்கு நேரே ஒரு சதவீதம் எழுதிவிடு" என்போம் நாம். 2025 செப்டம்பர் 3இல் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்து, செப்டம்பர் 22இல், நவராத்திரி தொடக்க நாளில், புதிய விகிதம் வந்தது. இடையில் 19 நாள். நெய், வெண்ணெய் 12இலிருந்து 5. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் 18இலிருந்து 5. தேதியோடு பட்டியல் வைத்தவர்கள் அன்று காலை வழக்கம்போல் கடை திறந்தார்கள். நேரே எழுதியவர்கள் விடிய விடிய ஒவ்வொரு சரக்காகத் திருத்தினார்கள். அதோடும் முடியவில்லை. செப்டம்பர் 10இல் விற்ற சோப்பு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய 18 சதவீதத்தில் போட வேண்டும். பழைய விகிதமே மெஷினில் இல்லையென்றால் எங்கே போவது? 2022 ஜூலை 18இல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் வந்தபோது 26 கிலோ சிப்பம் புழக்கத்துக்கு வந்ததே, அப்போதே இந்தப் பாடம் வந்துவிட்டது. சரக்கு ஒன்றுதான், எடைக்கு எடை வரி வேறு.

வாடிக்கையாளர் கைபேசி எண் சேர்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. எண் இல்லாமல் பில்லே போடாதபடி செய் என்று சிலர் கேட்கிறார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன, முக்கியப் பொறுப்புகளுக்கு 18 மாத அவகாசம். சேர்த்த விவரத்தைச் சரியாகப் பாதுகாக்காமல் விட்டால் அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். மளிகைக் கடைக்கு அவ்வளவு போடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தேவையில்லாத எண்ணை எதற்குச் சேர்த்துக் காவல் காக்க வேண்டும் என்பதே கேள்வி.

எப்படிச் சொல்ல வேண்டும்?

இந்தத் தொழிலுக்கென்று உலக அளவில் ஒரு நெறிமுறை இருக்கிறது. ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. என்ற இரு அமைப்புகள் சேர்ந்து 1999இல் வெளியிட்டது. எடுத்த வேலை தோற்கும், செலவு கைமீறும், வேறு வகையில் வில்லங்கமாகும் என்று தோன்றினால், அதை ஆதாரத்தோடு குறித்து வாடிக்கையாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. வேலை முடிந்து பணம் வாங்கிய பிறகு அல்ல.

போகிற போக்கில் "பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போவது தெரிவித்ததாகாது. கடையில் நூறு பேச்சுக்கு நடுவே அது காதில் விழாது. நீங்கள் கேட்டது இது, செய்தால் வரக்கூடியது இது, இதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம், செலவு இவ்வளவு என்று அரைப் பக்கம் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. ஆபத்து கடைக்காரரின் பணத்துக்கு மட்டும் என்றால், படித்துப் பார்த்து "தெரிந்துதான் கேட்கிறேன்" என்று நாம் எழுதிக் கொடுத்து அவர் செய்யலாம். அது நம் கடை, நம் முடிவு. சட்டத்தை மீறுவது, வாடிக்கையாளரை ஏமாற்றுவது என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்வதும் தப்பு. அங்கே அவர் மறுத்தே ஆக வேண்டும். எலக்ட்ரானிக் தராசில் முத்திரையை உடைத்துக் கிராமைக் கூட்டித் தரச் சொன்னால் நல்ல மெக்கானிக் செய்வாரா?

அவர்கள் ஏன் சொல்வதில்லை என்பதில் நம் பங்கும் இருக்கிறது. "முடியாது" என்று சொன்ன பையனை விட்டுவிட்டு, எதிர்த் தெருவில் "முடியும்" என்கிறவரை மறுநாளே கூப்பிடுகிறோம். யோசனை சொன்னதற்குக் காசு கேட்டால் "நீ என்ன வக்கீலா?" என்கிறோம். வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் சொல்லுக்குத்தான் கூலி கொடுக்கிறோம். பட்டனுக்கு மட்டும் கூலி என்றால் அவர் பட்டன்தான் வைப்பார்.

பெரும்பாலான கடைகளில் பராமரிப்பு ஒப்பந்தம் நிதியாண்டு முடிவில் புதுப்பிக்கப்படுகிறது. மார்ச் மாதம் அந்தக் காகிதம் கைக்கு வரும்போது கட்டணத்தை மட்டும் பேரம் பேசாமல், ஆபத்தான மாற்றம் கேட்டால் எழுத்தில் எச்சரிப்பார் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லலாம். இதுவரை நாம் கேட்டு அவர் செய்து கொடுத்த மாற்றங்களின் பட்டியலையும் அப்போதே வாங்கி ஆடிட்டரிடம் காட்டலாம். அதில் அழிக்கும் பட்டன் ஏதாவது இருந்தால் ஏப்ரல் 1இல் புதுக் கணக்கு தொடங்கும் முன் எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்த தேதியையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.